பதினோரு மாத வீடும் பன்னிரண்டு மாத இணையமும்

2023-இல் இந்தியாவில் அறிமுகமான ஏர்ஃபைபர் இணைப்புக்குத் தெருவெங்கும் கம்பி இழுக்க வேண்டியதில்லை. மாடியில் பொருத்தும் கருவியே கோபுரத்தின் 5ஜி அலையை வாங்கித் தருகிறது. ஆண்டுப் பணத்தை முன்னதாகச் செலுத்தினால் பொருத்துகூலி இல்லை என்பார்கள். மும்பையில் நம்மில் பலருக்கு வீட்டு ஒப்பந்தமே 11 மாதம்தானே! இடையில் வீடு மாறி, புதிய தெருவில் அலை எட்டாவிட்டால் மீதிப்பணம் திரும்புமா? கையொப்பமிடுமுன் இதை எழுத்தில் கேளுங்கள். மாடியில் துளையிட வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும். கருவி பெரும்பாலும் நிறுவனத்தின் உடைமை. ஒப்படைக்கையில் ரசீது வாங்காதவரிடம் பின்னர் அதன் விலையைக் கேட்கக்கூடும். 'அன்லிமிடெட்' திட்டத்திற்கும் மாத வரம்புண்டு; தாண்டினால் வேகம் படுத்துவிடும். முறையிட்டால் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீர்வு கிடைக்காவிடில் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்ல அந்த எண்ணே வழி.