ஆறு பிள்ளைகள் வளர்ந்த வீடு



அல்சூர் ஏரிக்கு அருகில் குடியிருக்கும் ஓர் அம்மையார் சென்ற மாதம் என்னைக் காண வந்தார். தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைப்பை நாடி இவ்வூருக்கு வந்த குடும்பம். கணவர் தொழிற்சாலையில் இரவுமுறை வேலை பார்க்கிறவர். குழந்தைகள் நால்வர், நால்வரும் ஆண் மக்கள். மூத்தவனுக்கு வயது பதினொன்று, கடைக்குட்டிக்கு மூன்று. வீட்டில் இருப்பவையோ இரண்டே அறைகள்.

"விடிந்தால் சண்டை, பொழுது சாய்ந்தால் சண்டை, ஐயா. பகலில் உறங்க வேண்டியவருக்கு உறக்கமில்லை. சுவர் முழுவதும் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். காலி செய்யும்போது வர்ணம் அடிக்கும் செலவை முன்பணத்தில் பிடித்துக்கொள்வேன் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நாலு பையன்களைப் பெற்றவளுக்குச் சந்தோஷம் என்று ஒன்று உண்டா?" என்று கேட்டார்.

உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் சென்ற பின்னர்தான், இக்கன்னட நாட்டிலேயே பிள்ளைகளின் இரைச்சலால் நிறைந்திருந்த மற்றொரு தமிழ்க் குடும்பம் நினைவுக்கு வந்தது.

சேலத்தை அடுத்த ராசிபுரத்தைத் தம் பெயரின் முன்னெழுத்தில் தாங்கிய கிருஷ்ணசாமி ஐயர், மைசூரில் மகாராஜா உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கியவர். அவருக்கும் ஞானாம்பாள் அம்மையாருக்கும் மக்கள் எண்மர். அவர்களுள் ஆண்கள் அறுவர். இரண்டாம் மகனே எழுத்தாளர் ஆர். கே. நாராயண், கடைக்குட்டி, கேலிச்சித்திரக்காரர் ஆர். கே. லக்ஷ்மண். முன்னவர் பிறந்தது 1906இல், பின்னவர் 1921இல். தமையன் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது தம்பி தவழ்ந்து திரிந்த குழந்தை என்றால், அவ்வீட்டில் எத்தனை பருவங்கள் ஒரே கூரையின்கீழ் உலவியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

அந்தக் கடைக்குட்டி செய்த வேலையும் நம் அம்மையாரின் மக்கள் செய்யும் வேலைதான். படிக்கத் தெரியுமுன்னரே ஆங்கிலப் பத்திரிகைகளின் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். பிறகு தரை, சுவர், கதவு என்று கைக்கு எட்டிய இடத்திலெல்லாம் வரையத் தொடங்கினான். சன்னலுக்கு வெளியே தெரிந்த காய்ந்த சுள்ளிகளும், பல்லி போன்ற ஊர்வனவும், விறகு பிளக்கும் வேலையாட்களும், எதிர்வீட்டுக் கூரையில் விதவிதமாக அமர்ந்த காக்கைகளும் அவனுக்குப் பாடமாயின. பள்ளியில் ஒருநாள் அவன் வரைந்த அரசிலையை ஆசிரியர் மெச்சினார். அதற்குப் பிறகு ஆசிரியர்களையே வரையத் தொடங்கியது வேறு கதை!

கிறுக்குகிற பிள்ளைகள் எல்லாம் லக்ஷ்மண் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பிற்காலப் புகழை எண்ணி இன்றைய கரிக்கோட்டைப் பொறுத்துக்கொள்வது, வட்டியை எண்ணிக் கடன் கொடுப்பது போன்றது. அந்த வீட்டில் என் மனத்தைக் கவர்ந்த செய்தி வேறு.

லக்ஷ்மண் தன் தெருப் பையன்களைச் சேர்த்து 'ரஃப் அண்ட் டஃப் அண்ட் ஜாலி' என்று ஒரு கிரிக்கெட் குழு அமைத்தான். தலைவன் அவனே. இத்தகைய ஆரவாரத்தைக் கண்டால் எழுதிக்கொண்டிருக்கும் அண்ணன்மார் பொதுவாக என்ன செய்வர்? காதைத் திருகி வெளியே துரத்துவர். நாராயணோ தம்பியின் குறும்புகளைக் கண்டு களித்தார், கண்டதைக் கதையாக்கினார். 'டோடு தி மணி மேக்கர்', 'தி ரீகல் கிரிக்கெட் கிளப்' என்னும் இரு கதைகளுக்கும் வித்து இந்தத் தம்பியே. பெற்றோர் சலித்திருக்கக்கூடிய அதே கூச்சலை, பதினைந்து வயது மூத்த அண்ணன் செல்வமாகப் பொறுக்கி வைத்துக்கொண்டார்.

நாராயணின் சிறுபிராயமோ இத்தகைய சந்தடியில் கழியவில்லை. அவர் சென்னையில் பாட்டியிடம் வளர்ந்தவர். அங்கே அவருக்குக் கூட்டாளிகளாக வாய்த்தவை ஒரு மயிலும் ஒரு குரங்கும். ஆகவேதான் தம்பிமாரின் கும்மாளம் அவருக்கு அத்துணை புதுமையாக இருந்ததோ என்று நான் எண்ணுவதுண்டு. மால்குடி என்னும் ஊர் அவர் மனக்கண்ணில் முதன்முதல் தோன்றியது 1930இல். பாட்டி பார்த்துக் கொடுத்த நல்ல நாளில், நம் பெங்களூரில்! 1935இல் வெளிவந்த அந்த நாவலிலும் சிறுவர்கள் கூடிக் கிரிக்கெட் குழு அமைக்கிறார்கள்.

சிரிப்பு மட்டுமே அவ்வீட்டின் வரலாறு அன்று. லக்ஷ்மண் பள்ளிச் சிறுவனாக இருக்கையில் தந்தையார் பக்கவாதத்தில் வீழ்ந்தார், 1937இல் மறைந்தார். குடும்பப் பாரத்தை மூத்தோர் சுமந்துகொண்டனர். இளையவனின் படிப்பு நிற்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் மற்றோர் இடி. 1939இல் நாராயணின் மனைவி ராஜம் நச்சுக்காய்ச்சலில் காலமானார். மூன்று வயதுப் பெண் குழந்தையுடன் நின்றார் நாராயண். அவர் தனித்து நிற்கவில்லை. தாயும் உடன்பிறந்தாரும் அருகில் இருந்தார்கள். சட்டைக்கும் பந்துக்கும் சண்டையிட்ட கைகளே துன்பம் வந்தபோது தோள் கொடுத்தன. இந்நாளில் இரண்டு அறை வீட்டில் நால்வரை வளர்க்கும் தாய்க்கு இது தெரிய வேண்டுமென்று விரும்பினேன்.

தலைமையாசிரியர் வீட்டின் வசதிகள் வேறு. நம்மவர்க்கு அவை இல்லை என்பதை மறக்கவில்லை. எனினும் சென்ற ஞாயிறன்று அந்த அம்மையாரின் இல்லத்துக்குச் சென்றேன்.

காலைத் தோசை வேளை. கல்லிலிருந்து எடுக்கும் முதல் தோசை யாருக்கு என்பதில் அவ்வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. நாட்காட்டியில் பெயர் எழுதி முறை வைத்திருக்கிறார்கள். அன்று இரண்டாமவன் முறை. அவன் தட்டை ஏந்தி வீரன்போல் நின்றான். கடைக்குட்டி அழத் தொடங்கியதும், ஓரத்தைப் பிய்த்து, ஊதி ஆற்றி, அவன் வாயில் வைத்தான். மூத்தவன், "முறையை மாற்றக் கூடாது" என்று அதட்டினான். அடுத்த தோசையில் தனக்கு வந்த பாதியையும் அவனே குட்டிக்குத் தள்ளிவிட்டான்.

"இதைப் பார்த்தீர்களா?" என்று அம்மையாரைக் கேட்டேன்.

"அடுப்பைப் பார்க்கவே நேரம் போதவில்லை, ஐயா," என்றார். ஆயினும் திரும்பிப் பார்த்தார். கரண்டி கையில் இருக்க, சிறிது நேரம் அப்படியே நின்றார். தோசை ஒன்று கருகிவிட்டது. பையன்கள் அதற்கும் போட்டியிட்டார்கள்.

உண்டி முடிந்ததும் மூன்றாமவன் என் விரலைப் பற்றிக் கதவின் பின்புறம் அழைத்துச் சென்றான். அங்கே பச்சை வர்ணத்தில் ஒரு பல்லி, கால்கள் ஆறு. "ஏனப்பா ஆறு?" என்றேன். "வேகமாய் ஓடணுமே!" என்றான்.

அம்மையார் அப்பொழுதுதான் அதைக் கண்டார். ஈரத்துணியை எடுக்கப் போனவர், பாதி வழியில் நின்று, வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"இது இருக்கட்டும், ஐயா. இந்த ஒன்றுக்கு முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பார் என்று நீங்களே அவரைக் கேட்டுச் சொல்லுங்கள்."