மூன்று மாதம் முடியட்டும் என்று காத்திருப்பது ஏன் தவறு?

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது விழுப்புரம், திண்டிவனம் பகுதி முஸ்லிம் வீடுகளில் அதிகம் பேசப்பட்டது ஆவணங்களைப் பற்றித்தான். பழைய பட்டியலில் வாப்பாவின் பெயர் இருக்கிறதா, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று பீரோவைத் திறந்து தேடாத வீடு குறைவு. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் இனிப் பிறக்கப்போகும் பிள்ளையின் ஆவணம் தாயின் வயிற்றில் அது உருவான முதல் வாரங்களிலேயே தொடங்கிவிடுகிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 2023-இல் திருத்தப்பட்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த நாளிலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் நிரூபிக்கும் ஆவணம் பிறப்புச் சான்றிதழ்தான். பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை. தமிழ்நாட்டில் அந்தச் சான்றிதழுக்காகப் பிறப்பைப் பதியும்போது தாயின் 12 இலக்க ஆர்.சி.எச். எண் கேட்கப்படுகிறது. கர்ப்பிணியின் விவரத்தை அரசின் 'பிக்மி' இணையதளத்தில் பதிந்தால் இந்த எண் கிடைக்கும். பிரசவம் தனியார் மருத்துவமனையில் நடந்தாலும் எண் தேவை. "நாங்கள் பிரைவேட் டாக்டரிடம் காட்டுகிறோம், அரசுப் பதிவு எதற்கு?" என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டாக்டரிடம் காட்டுவது வேறு, பிக்மியில் பதிவது வேறு.

இது காகிதத்தோடு முடியும் விஷயம் அல்ல. தாயின் உயிரும் பிள்ளையின் நலமும் இதில் இருக்கின்றன.

கணக்கு எங்கே தவறுகிறது?

முதல் பரிசோதனை 12 வாரத்துக்குள் நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. நம் அரசும் அதே கணக்கைத்தான் வைத்திருக்கிறது. இந்த வாரங்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. அதாவது, நாள் தள்ளிப்போனது தெரியவரும்போதே நான்கு வாரம் முடிந்திருக்கும். "மூன்று மாதம் முடியட்டும், அப்புறம் போகலாம்" என்று காத்திருக்கும் வீட்டுக்கு 12 வாரம் கையை விட்டுப் போய்விடுகிறது.

பிள்ளையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழாய், கரு உண்டாகி 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. மேலே சொன்ன கணக்கின்படி அது ஆறாவது வாரம். அது சரியாக மூடுவதற்கு உதவும் ஃபோலிக் அமில மாத்திரையைக் கரு உண்டாவதற்கு முன்பே தொடங்குவது நல்லது. குறைந்தபட்சம், கர்ப்பம் தெரிந்த அன்றே தொடங்க வேண்டும். நான்காம் மாதத்தில் சாப்பிடும் ஃபோலிக் அமிலத்தால் இந்தக் குறையைத் தடுக்க முடியாது.

முதல் சந்திப்பில் இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், இரத்த வகை, சர்க்கரை, சிறுநீர், மஞ்சள் காமாலை பி, சிபிலிஸ், எச்.ஐ.வி. ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். தாய் நெகட்டிவ் இரத்த வகை என்றால், அடுத்த பிள்ளைக்குக்கூட ஆபத்து வராமல் தடுக்க ஊசி உண்டு. அதை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் ஆரம்ப ஸ்கேனில் தெரிந்துவிடும். தெரியாமல் விட்டால் குழாய் வெடித்து உள்ளே இரத்தம் கசிந்து தாயின் உயிரே போகலாம்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனாலும் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இரத்தசோகை. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போவதில் நாம் முன்னேறிவிட்டோம். ஆனால் அது மட்டும் போதாது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. ஒன்பதாம் மாதம் கண்டுபிடிக்கப்படும் இரத்தசோகையைச் சரிசெய்ய நாட்கள் இல்லை. இரண்டாம் மாதம் கண்டுபிடித்தால் ஆறேழு மாதம் கையில் இருக்கிறது.

மறைப்பதில் தவறில்லை, யாரிடம் மறைக்கிறோம்?

தாமதத்துக்கு நம் வீடுகளில் சொல்லப்படும் முதல் காரணம் கண்ணேறு. கண்ணேறு உண்டு என்பது நம் நம்பிக்கை. அதற்குப் பாதுகாப்பாக ஃபலக், நாஸ் சூராக்களை ஓதுகிறோம். தெருவுக்கும் சொந்தங்களுக்கும் மூன்று மாதம் வரை சொல்லாமல் இருக்க விரும்பினால் அது அந்தக் குடும்பத்தின் உரிமை. ஆனால் செவிலியர் தெருக்காரர் அல்ல. ஊருக்கு மறைக்கலாம், மருத்துவத்துக்கு மறைக்கக் கூடாது.

இன்னொரு காரணம் சற்று மார்க்கச் சாயம் பூசியது. "120 நாளில்தானே ரூஹ் ஊதப்படுகிறது, அதற்கு முன் என்ன அவசரம்?" என்கிறார்கள். ரூஹ் பற்றிய ஹதீஸ் அல்லாஹ்வின் படைப்பாற்றலைச் சொல்ல வந்தது. கவனிப்பை எப்போது தொடங்க வேண்டும் என்று அது தேதி குறிக்கவில்லை. அல்முஃமினூன் அத்தியாயம் கருவின் ஆரம்ப நிலைகளையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கர்ப்பிணியாக இருக்கும் நிலையில் தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்குப் பிரசவம் வரை செலவு கொடுக்க வேண்டும் என்கிறது அத்தலாக் அத்தியாயம். வாரிசுச் சொத்தைப் பிரிக்கும்போது கருவில் இருக்கும் பிள்ளைக்கும் பங்கை ஒதுக்கி வைக்கச் சொல்கிறது ஃபிக்ஹ். கருவின் சொத்தைப் பாதுகாக்கும் ஷரீஅத், அதன் உடலை நான்கு மாதம் கவனிக்காமல் விடச் சொல்லுமா?

ஆண் மருத்துவர் பார்ப்பாரோ என்ற தயக்கமும் உண்டு. முதல் பதிவைச் செய்யும் கிராம சுகாதார செவிலியர்களும் நகர்ப்புறச் செவிலியர்களும் பெண்கள்தாம். பெண் மருத்துவர் கிடைக்காத நிலையில், தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவரிடம் காட்ட மார்க்கம் இடம் தருகிறது.

பொறுப்பு யாருடையது?

திண்டிவனத்துப் பெண் விழுப்புரத்தில் வாழ்க்கைப்படுகிறாள். "ஏழாம் மாதம் தாய் வீட்டுக்குப் போவாள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று மாமியார் வீடு நினைக்கிறது. "இப்போது அங்கேதானே இருக்கிறாள்" என்று தாய் வீடு நினைக்கிறது. நடுவில் 12 வாரம் ஓடிவிடுகிறது. எங்கே பதிந்தாலும் எண் ஒன்றுதான். இப்போது வசிக்கும் இடத்தில் பதிந்துவிட்டு, தாய் வீட்டுக்குப் போகும்போது அந்த ஊர்ச் செவிலியரிடம் அதே எண்ணைச் சொன்னால் போதும்.

மனைவியின் செலவும் பராமரிப்பும் கணவன் மீதான கடமை. அவர் சவூதியிலோ துபாயிலோ இருந்தாலும் அது நீங்காது. "செக்கப் போனாயா, எண் வாங்கியாயிற்றா?" என்று முதல் வாரமே போனில் கேட்பதும் அந்தக் கடமையில் சேரும். மாமியாரிடம் அனுமதி கேட்கத் தயங்கும் இளம்பெண்ணுக்கு அந்த ஒரு போன் பெரிய பலம்.

செய்ய வேண்டியவை எளிமையானவை. நாள் தள்ளி ஒரு வாரம் ஆனதும் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். உறுதியானால் ஊரில் கிராம சுகாதார செவிலியரையோ, நகரில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தையோ பாருங்கள். ஆதார், செல்போன் எண், மனைவியின் பெயரிலான வங்கிக் கணக்குப் புத்தகம், கடைசி மாதவிடாய்த் தேதி ஆகியவை கையில் இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் 104-ஐ அழைத்துக் கேட்கலாம். சிக்கலான கர்ப்பம் என்றால் திண்டிவனம் அரசு மருத்துவமனையும், இரண்டு ஊருக்கும் இடையே முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அருகிலேயே இருக்கின்றன. ஏழைக் குடும்பங்களில் 19 வயது நிறைந்த தாய்மார்களுக்கு முதல் இரண்டு பேறுகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 14,000 ரூபாய் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் கிடைக்கின்றன. அதற்கும் 12 வாரத்துக்குள் பதிவது முக்கியம்.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். நிகாஹ் பதிவுக்காக மணமக்களின் குடும்பங்கள் பள்ளிவாசலுக்கு வருகின்றன. மஹர், சாட்சி, கையெழுத்து எல்லாம் சரிபார்க்கிறோம். அதே நேரத்தில் ஃபோலிக் அமிலம், 12 வாரம், ஆர்.சி.எச். எண் ஆகிய மூன்றையும் எழுதிய ஒரு தாளை மணமகன் கையில் கொடுக்கலாம். மாத்திரையைக் கருவுக்கு முன்பே தொடங்க வேண்டியிருப்பதால், இதைச் சொல்ல நிகாஹை விடப் பொருத்தமான நேரம் வேறு இல்லை. இந்த மாதம் நிகாஹ் நடக்கும் வீட்டிலிருந்தே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.