ஆக்கின்லெக்கைத் தோற்றவர் எனலாமா?

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் தளபதி ஆக்கின்லெக் சொதப்பினார், அடுத்து மாண்ட்கோமரி வந்துதான் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெயித்தார், நெல்லைக்காரனுக்கு இதில் என்ன என்று கேட்கிறார் நண்பர். இரண்டுமே தவறு.

1942 ஜூலையில் எகிப்தின் அலமைனில் ஜெர்மானியத் தளபதி ரோம்மலை நிறுத்தியவர் ஆக்கின்லெக். ஜூலை 1 அன்று தெய்ர் எல் ஷெயினில் 18ஆவது இந்திய பிரிகேட் சாயங்காலம்வரை தாக்குப்பிடித்துச் சிதைந்தது. ரோம்மலுக்கு அந்த நாள் போச்சு. செப்டம்பர் நடுவில்தான் தாக்க முடியும் என்றார் ஆக்கின்லெக். சர்ச்சில் பொறுக்காமல் ஆகஸ்டில் நீக்கினார். மாண்ட்கோமரி எடுத்துக்கொண்டதோ அக்டோபர் 23 வரை! கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டாங்கிகள்.

நெல்லைக்காரனுக்கு என்ன என்றால், 1904இல் ஆக்கின்லெக் சேர்ந்த 62ஆவது பஞ்சாபிகள் படைப்பிரிவு, பழைய மதராஸ் காலாட்படை. தெற்கத்தியானுக்குப் போர்க்குணம் இல்லை என்று சொல்லித்தான் ஆங்கிலேயர்கள் அதைப் பஞ்சாபியாக்கினார்கள். 1799இலும் 1801இலும் கிழக்கிந்தியக் கும்பெனியைத் திணறடித்த பாஞ்சாலங்குறிச்சி இருக்கும் நெல்லைச் சீமையைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள். அந்தப் பாகுபாட்டைத் தளர்த்தி ஆளெடுப்பை விரிவாக்க உழைத்தவர் ஆக்கின்லெக்.