படகில் நம்பர் இருக்கு; டிரெய்லரில் இருக்கா?

போன வாரம் ஜி.என்.டி. ரோட்டில், ஆரம்பாக்கத்துக்குக் கொஞ்சம் இப்பால், பஸ் நின்றுவிட்டது. என்ன விஷயம் என்று இறங்கிப் போய்ப் பார்த்தேன்.

ஒரு டிராக்டர். அதன் பின்னால் டிரெய்லர். டிரெய்லர் மேல் ஒரு பைபர் படகு. பாதிப் படகு டிரெய்லருக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது. பழவேற்காடு பக்கத்து மீனவர் ஒருவர், பழுதான படகை ஏரியின் ஆந்திரா கரையில் உள்ள மச்சான் ஊருக்கு எடுத்துப் போகிறார். தண்ணீரில் போனால் கேள்வி இல்லை. ரோட்டில் போனால் எல்லை வருகிறது!

"டிரெய்லர் நம்பர் எங்கேய்யா?" என்று கேட்டார் ஏட்டு.

"இன்னா சார், படகுல பெரிசா எழுதியிருக்கே, தெரியலியா?" என்றார் படகுக்காரர்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை. 2 மணி நேரம் வண்டி நின்றது. "வேற ஸ்டேட்டுக்கு இதைக் கொண்டு போகவே கூடாது" என்று ஒருவர் மிரட்டினார். பிறகு எப்படியோ பேசி முடிந்தது. எப்படி என்று வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை.

இதில் யார் பக்கம் நியாயம்? இரண்டு பக்கமும் பாதி பாதிதான்!

சட்டம் என்ன சொல்கிறது?

படகில் இருக்கும் நம்பர் மீன்வளத் துறை கணக்கு. அது கடலுக்கு. ரோட்டில் அது செல்லாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, என்ஜின் இல்லாவிட்டாலும் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். டிராக்டருக்கு ஒரு பதிவு, டிரெய்லருக்குத் தனியாக ஒரு பதிவு. டிரெய்லரின் சொந்த நம்பர் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும். இழுக்கிற வண்டியின் நம்பர் டிரெய்லரின் மேலும் தெரிய வேண்டும். இதைச் சொல்வது 61-வது பிரிவு.

பதிவு இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2 ஆயிரம் முதல் 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். மறுபடி பிடிபட்டால் 10 ஆயிரம் வரை போகும். ஓராண்டு வரை ஜெயிலும் உண்டு. படகு அளவு மீறி வெளியே நீட்டினால் அது தனி. 2019-ல் வந்த திருத்தப்படி 20 ஆயிரம் ரூபாய்! சுமையை இறக்கும் செலவும் நம் தலையில்தான்.

ஆகவே, பதிவு இல்லாத டிரெய்லரை நிறுத்தியதில் போலீசார் மேல் தப்பு இல்லை.

ஆனால் "வேற ஸ்டேட்டுக்குப் போகவே கூடாது" என்றது எந்தச் சட்டம்? ஒரு மாநிலத்தில் செய்த பதிவு இந்தியா முழுவதும் செல்லும் என்று 46-வது பிரிவு பச்சையாகச் சொல்கிறது. வெளி மாநிலத்திலேயே 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்துக்கொண்டால்தான் அங்கே புது நம்பருக்கு மனு போட வேண்டும். படகை இறக்கிவிட்டு மறுநாள் திரும்புகிறவனுக்கு அந்தப் பேச்சே கிடையாது.

வாடகைக்குச் சரக்கு ஏற்றும் வண்டி என்றால் பெர்மிட் கணக்கு வேறு. வரி கணக்கும் வேறு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, "வேற ஸ்டேட்" என்ற ஒரே வார்த்தையில் ஆளைப் பயமுறுத்துவதுதான் அநியாயம்.

படகு நமக்கு எதுக்கு?

"நாம என்ன படகா ஓட்டறோம்?" என்று கடைக்காரர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட வேண்டாம். கல்யாண மண்டப வாசலில் நிற்கும் ஜெனரேட்டர் வண்டி, தெருவுக்குத் தண்ணீர் கொண்டு வரும் டிராக்டர் டேங்கர், ரோடு போடும் இடத்தில் நிற்கும் கம்ப்ரசர் எல்லாம் இழுத்துப் போகிற ஜாதிதான். அடுத்த தடவை பார்க்கும்போது நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாற்றலாகிப் போகும் குமாஸ்தாக்களுக்கும் இதில் பாடம் உண்டு. ஸ்கூட்டரைப் பெங்களூருக்கு எடுத்துப் போனாலும் அதே 12 மாதக் கணக்குதான். இங்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீசில் தடையில்லா சான்று கேட்டு மனு கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால், சான்று கொடுத்ததாகவே அர்த்தம் என்கிறது 48-வது பிரிவு. மனு கொடுத்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள்!

அபராதம் பெரிசு இல்லை

அபராதத்தைக் கட்டிவிடலாம். விபத்து நடந்தால்? ராத்திரி நேரத்தில், சிவப்பு விளக்கு இல்லாமல், ரோட்டில் நீட்டிக்கொண்டு போகும் படகில் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் வந்து மோதினால் என்ன ஆகும்?

டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இருக்கும். "டிரெய்லருக்குத் தனியாக இல்லையே" என்று கம்பெனி கை விரிக்கும். கோர்ட்டுகள் இதைப் பல தடவை பார்த்திருக்கின்றன. செத்தவன் குடும்பம் படியேறி அலைய வேண்டும். படகுக்காரன் படகையும் விற்று, வலையையும் விற்று நஷ்டஈடு கட்ட வேண்டும். இரண்டு குடும்பம் நடுத்தெருவில்! நம்பர் பிளேட் என்பது வெறும் தகரம் இல்லை.

என்ன செய்யலாம்?

பதிவு செய்யாமல் இருப்பது எல்லாம் திமிரினால் அல்ல. பட்டறையில் அடித்த டிரெய்லருக்குப் பல பேரிடம் விற்பனைச் சான்று கிடையாது. அது இல்லாமல் ஆர்.டி.ஓ. ஆபீசில் காகிதம் நகராது. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் போய், "நாளைக்கு வா" என்று கேட்டுத் திரும்புகிறவன் மறுபடி போவானா?

மீனவர் குப்பங்களுக்கே ஆர்.டி.ஓ. அதிகாரிகள் வந்து முகாம் போடட்டும். எது எது வேண்டும், எவ்வளவு கட்டணம் என்று அங்கேயே சொல்லட்டும். எல்லைச் சாவடியில் தமிழிலும் தெலுங்கிலும் ஒரு போர்டு வைக்கட்டும். வண்டியை நிறுத்தினால் எந்தப் பிரிவு, எவ்வளவு அபராதம் என்று எழுதி ரசீது கொடுக்கட்டும். வாயால் மிரட்டுகிற இடத்தில்தான் கை நீளும்.

டிரெய்லர் வைத்திருக்கிறவர்களும் நம்பரை வாங்கி எழுதுங்கள். இன்சூரன்சில் டிரெய்லரையும் சேருங்கள். ஆர்.சி.யைச் செல்போனில் டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, மீனவர்கள்தான் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் வந்து நம்மை மீட்டார்கள். அன்றைக்கு அவர்களை யாரும் எல்லையில் நிறுத்தவில்லை. அந்த மனுஷனை இன்றைக்கு 2 மணி நேரம் வெயிலில் நிறுத்துகிறோம். நிறுத்தத்தான் வேண்டும் என்றால், சட்டத்தைச் சரியாகச் சொல்லி நிறுத்துங்கள்!

அதிகாரிகள் கவனிப்பார்களா?