மூன்றரை வட்டி

கிரெடிட் கார்டு வட்டிக்கு உச்சவரம்பு எதுவும் வேண்டாம், வங்கிகளின் இயக்குநர் குழுக்களே அதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கடிவாளத்தைக் கையில் வைத்திருக்கும் ரிசர்வ் வங்கிக்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். வழக்கு நடந்த காலத்தில் அவர்கள் எடுத்த நிலை அதுதான். தீர்ப்பு வந்து மாதங்கள் பல உருண்ட பிறகும் அதிலிருந்து ஓர் அங்குலம் நகரவில்லை. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது 2008 ஜூலையில். 2009-லேயே அதற்குத் தடை விழுந்தது. கிட்டத்தட்டப் பதினாறு ஆண்டுகள் உறங்கிக் கிடந்த அந்த உத்தரவை 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வட்டியைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை, அது வேறொருவர் வேலை என்பது தீர்ப்பின் சாரம். சட்டம் அப்படித்தான் என்றால் தீர்ப்போடு நமக்கு வழக்கில்லை. அந்த வேறொருவர் தம் வேலையைச் செய்யமாட்டேன் என்று உட்கார்ந்திருப்பதோடுதான் வழக்கு.

வட்டியைத் தொடாதவர்கள் அறிவுரையை மட்டும் தாராளமாக வழங்குகிறார்கள். பிப்ரவரி வந்தால் நிதிக் கல்வி வாரம். வரவுக்குள் செலவு செய்யுங்கள், மாத பட்ஜெட் போடுங்கள், வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுங்கள் என்று சுவரொட்டி சொல்லும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போனால் கடன் அடைய ஆண்டுகள் ஆகும் என்ற எச்சரிக்கையைக் கார்டு பில்லிலும் போட வைத்திருக்கிறார்கள். எல்லாம் சரியான பேச்சுதான். சிக்கனத்தை எதிர்த்து எழுத இங்கே யாருக்கும் பேனா எழாது. ஆனால் சிக்கனமாக இருந்து கார்டுக் கடனை அடைத்துவிடலாம் என்று சொல்பவர்கள், அந்தச் சிக்கனத்தின் பலன் எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒருமுறையாவது கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்களா?

நாம் போட்டுப் பார்த்தோம். கார்டில் ஒரு லட்சம் ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரிச் செலவோ, கல்லூரிக் கட்டணமோ, சும்மா வாங்கிய டிவியோ, எதனால் வந்த பாக்கி என்பது இந்தக் கணக்குக்குத் தேவையில்லை. பெரும்பாலான கார்டுகளில் மாத வட்டி மூன்றரை சதவீதத்துக்கு முன்பின். சிலவற்றில் மூன்றே முக்கால். மூன்றரை என்றே எடுத்தாலும் முதல் மாத வட்டி 3,500 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 630 ரூபாய். (வீட்டுக் கடன் வட்டிக்கும் நகைக் கடன் வட்டிக்கும் இல்லாத ஜிஎஸ்டி கார்டு வட்டிக்கு மட்டும் உண்டு என்பது பலருக்கு பில்லைக் கூர்ந்து பார்க்கும்வரை தெரியாது.) ஆக மொத்தம் 4,130. அந்த மாதம் 5,000 ரூபாய் கட்டினால் அசலில் குறைவது 870 ரூபாய்.

அதற்குப் பிறகு கார்டை அலமாரியில் பூட்டிவைத்துவிட்டு மாதம் தவறாமல் 5,000 கட்டினாலும் கடன் முடிய 43 மாதம் தாண்டும். கட்டிய தொகை ஏறத்தாழ 2 லட்சத்து 16 ஆயிரம்.

இப்போது அந்தக் குடும்பம் சுவரொட்டி சொன்னபடி நடக்கிறது. மதியச் சாப்பாடு வீட்டிலிருந்தே போகிறது. பைக்கை நிறுத்திவிட்டு ஆபீசுக்குப் பஸ். ஞாயிற்றுக்கிழமை கறி முட்டைக் குழம்பாகிறது. பால் ஒன்றரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு மட்டும் துணி. ஊர்த் திருவிழாவுக்கு ஒருவர் மட்டும் போய்வருகிறார். இப்படி இறுக்கிப் பிடித்து மாதம் 2,000 ரூபாய் மிச்சம் செய்து, தவணையை 7,000 ஆக்குகிறார்கள். கடன் 22 மாதத்தில் முடிகிறது. மொத்தம் கட்டியது சுமார் 1 லட்சத்து 54 ஆயிரம்.

பலன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். அந்தக் குடும்பம் எதையும் குறைக்கவில்லை, பழைய 5,000 ரூபாயையே கட்டுகிறது. வட்டி மட்டும் ஆணையம் சொன்ன 30 சதவீதத்தில் நிற்கிறது. அப்போது கட்டவேண்டிய மொத்தம் சுமார் 1 லட்சத்து 53 ஆயிரம். அதாவது பாலையும் கறியையும் பஸ்ஸையும் எண்ணி எண்ணி 22 மாதம் வாயைக் கட்டி ஒரு குடும்பம் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறதோ, அதைக் கொடுக்க ரிசர்வ் வங்கியின் ஒரு கையெழுத்து போதும். அந்தக் கையெழுத்தைப் போடுவதில்லை என்பதுதான் முடிவு. முடிவின் விலையை அரை லிட்டர் பாலில் கட்டுகிறவர்கள் வேறு ஆட்கள்.

இந்த மாநிலத்தில் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரிலிருந்து வங்கிக் கணக்கில் விழுகிறது. பெண்கள் கட்டணமில்லாமல் டவுன் பஸ்ஸில் போய்வருகிறார்கள். ரேஷன் அரிசிக்குக் காசில்லை. இத்தனையும் சேர்ந்து ஒரு வீட்டுக்கு என்ன மிச்சமாகும் என்று அரசியல் மேடைகளில் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டோம். ஒரு லட்ச ரூபாய் கார்டு பாக்கியின் ஒரு மாத வட்டி நான்கு உரிமைத் தொகையை விழுங்கிவிட்டு ஏப்பம் விடுகிறது. அதைப் பற்றி எந்த மேடையிலும் பேச்சில்லை.

இதில் இன்னொரு கண்ணி. பழைய பாக்கியில் கொஞ்சம் நின்றாலும், பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. கையில் காசு தீர்ந்த இருபத்தைந்தாம் தேதி அதே கார்டில் மளிகை வாங்கினால், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். சிக்கனக்காரர் வாங்கும் துவரம்பருப்புக்கும் அதே மூன்றரை.

நம்மூரில் வட்டியை நூற்றுக்கு இவ்வளவு என்றுதான் பேசுவோம். ஒரு வட்டி என்றால் நியாயம், இரண்டு வட்டி என்றால் அவசரம், மூன்று வட்டி என்றால் வாங்குகிறவர் தலையைக் குனிந்துகொள்வார். தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடை செய்ய 2003-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீயில் கருகிய பிறகு அந்தச் சட்டத்தை எல்லோரும் மறுபடி தேடிப் படித்தோம். தெருமுனையில் மூன்றரை வட்டி வாங்குகிறவர் வீட்டுக்கு போலீஸ் போகும். குளிர்சாதன அறையில் அதே மூன்றரையை வாங்கினால் அது ஒப்பந்தம். வங்கி வாங்கும் வட்டி மிகை என்று சொல்லி நீதிமன்றம் கணக்கைத் திறக்கக்கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21-ஏ பிரிவு 1984-லிருந்தே காவல் நிற்கிறது. நீதிமன்றக் கதவும் சாத்தியிருக்கிறது, ஆணையத்தின் கதவையும் சாத்தியாகிவிட்டது. திறந்திருக்க வேண்டிய மூன்றாவது கதவுக்குப் பின்னால் நம்மவர்கள் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து வீட்டைத் தட்டுங்கள் என்கிறார்கள்.

இது இன்று நேற்றுப் பழக்கமல்ல. மிகை வட்டி பற்றிய புகார்கள் குவிந்தபோது 2007 மே மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. கொள்ளை வட்டி கூடாது, அதற்கான நெறிகளை உங்கள் இயக்குநர் குழுவே வகுத்துக்கொள்ளட்டும் என்று வங்கிகளுக்கே சொன்னது அது. பூனைகளையே கூட்டிப் பாலுக்குக் காவல் விதி எழுதச் சொன்ன கதை. எழுதின, பாலின் விலை மூன்றரை.

சரி, வரம்பு போடவே தெரியாதவர்களா? மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் நுண்நிதி நிறுவனங்களுக்கு வட்டி வரம்பு வைத்திருந்தார்கள். இருந்த அதையும் 2022 ஏப்ரல் முதல் எடுத்துவிட்டு, அங்கேயும் இயக்குநர் குழுவிடமே சாவியைக் கொடுத்தார்கள். இரண்டரை ஆண்டுதான் கழிந்தது. 2024 அக்டோபரில் நான்கு நிதி நிறுவனங்களைப் புதுக் கடன் கொடுக்கக்கூடாது என்று நிறுத்தி வைத்தார்கள். காரணம், வட்டி மிகையாம். மிகை என்று எந்தப் படியால் அளந்தார்கள்? அந்தப் படி டிசம்பரில் கிரெடிட் கார்டு வழக்கு தீர்ப்புக்கு வந்தபோது எங்கே போயிற்று? குழுப் பெண்களிடம் வாங்கினால் மிகையாகத் தெரிவது, சம்பளக்காரரிடம் வாங்கினால் மட்டும் சந்தை விலையாகிவிடுமா?

2022 ஏப்ரலில் கார்டுகளுக்குப் புது விதிகள் வந்தன. அவற்றில் நல்லவையும் உண்டு, மறுக்கவில்லை. கட்டாத அபராதத்தையும் வரியையும் அசலில் சேர்த்து வட்டிக்கு வட்டி போடக்கூடாது என்றது ஒரு விதி. ஜூலை 1 முதல் நடைமுறை என்றார்கள். ஜூன் மாதமே அதை அக்டோபருக்குத் தள்ளிவைத்தார்கள். வங்கி கேட்டால் மூன்று மாத அவகாசம். கார்டுக்காரருக்கு மூன்று நாளுக்கு மேல் தாமதம் ஆனால் கடன் வரலாற்றில் கறை.

ஊரடங்கில் ஆறு மாதத் தவணை தள்ளிவைப்பு தந்ததைப் பெருந்தன்மை என்று பேசினார்கள். தவணைதான் நின்றது, கார்டு வட்டி நிற்கவில்லை. பிறகு வட்டிக்கு வட்டியைத் திருப்பித் தருகிறோம் என்று 2020 அக்டோபரில் டெல்லி ஒரு கணக்குப் போட்டது, இவர்களும் தலையாட்டினார்கள். கார்டுக்காரர்களுக்கு அதைக் கணக்கிட எடுத்துக்கொண்டது அவர்கள் கட்டிய முழு வட்டியை அல்ல. கார்டில் இஎம்ஐ போடுகிறவர்களுக்கான சராசரி வட்டியை. வாங்கும்போது பெரிய மரக்கால், கொடுக்கும்போது சின்ன மரக்கால்.

கார்டுக் கடனில் மாட்டியவர்கள் இந்த ஊரில் உண்மையில் செய்வது என்ன? தாலிக்கொடி தவிர மற்றதை வங்கியில் அடகு வைத்து கார்டை அடைக்கிறார்கள். மூன்றரை வட்டியிலிருந்து முக்கால் வட்டிக்கு இறங்குவது, எந்த நிதிக் கல்வி வாரமும் சொல்லித் தராத புத்திசாலித்தனம். அந்த வாசலிலும் 2025 ஏப்ரலில் முள்ளைப் போட்டார்கள். நகை யாருடையது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றது வரைவு விதி. பாட்டி போட்டு அனுப்பிய ஆரத்துக்கு யார் ரசீது வைத்திருப்பார்கள்? தமிழ்நாடு கொந்தளித்த பிறகுதான் ஜூனில் இறுதி விதிகளைத் தளர்த்தினார்கள். சத்தம் போட்டால் அவர்களுக்குக் காது கேட்கிறது என்பது அன்று தெரிந்தது. கார்டுக்காரர் சத்தம் போடமாட்டார். கடன் இருப்பதை மாமியாருக்கே சொல்லாதவர் தெருவுக்கு வந்து கோஷம் போடுவாரா? அந்த வெட்கம்தான் இவர்களுடைய முதலீடு.

ஈடில்லாக் கடன், ஆபத்து அதிகம், அதனால் வட்டி அதிகம் என்பது வங்கிகளின் பதில். மலேசியாவிலும் கார்டுக்கு ஈடு கிடையாது. அங்கே ஆண்டு வட்டியின் உச்சவரம்பு 18. பிலிப்பைன்ஸ் 2020-ல் மாதத்துக்கு 2 சதவீதம் என்று கட்டி, 2023-ல் அதை 3 ஆக உயர்த்தியது. உயர்த்திய பிறகும் நம்முடையதைவிடக் குறைவு.

30-ஆ, 24-ஆ, பணவீக்கத்தோடு ஏறி இறங்கும் ஏதோ ஒன்றா என்று நாம் விலை பேசப் போவதில்லை. அந்தக் கணக்கெல்லாம் தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏதாவது ஓர் எல்லை போடட்டும், சீக்கிரம் போடட்டும். 2021-ல் நிதிக் கல்வி வாரத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள், கடன் ஒழுக்கமும் முறையான நிறுவனங்களில் கடன் வாங்குவதும். தெருமுனை வட்டிக்காரரிடம் போகாதீர்கள், எங்களிடம் வாருங்கள் என்று அழைத்தார்கள், மக்களும் வந்துவிட்டார்கள். எல்லை போட மனமில்லை என்றால், வரும் பிப்ரவரியில் சிக்கனச் சுவரொட்டியோடு வரும்போது மூன்றரை என்ற எண்ணையும் அதில் கொட்டை எழுத்தில் அச்சடித்துக்கொண்டு வரட்டும். எதிரே டீக்கடையில் நிற்கிறவர் படித்துவிட்டு என்ன சொல்கிறார் என்று கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுப் போகட்டும்.