பாத்தாம் விடுதியில் ஓர் இரவு: தட்டில் உள்ள பேணுதல் தொழுகையிலும் வேண்டும்

சிங்கப்பூரில் வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்குப் பள்ளி விடுமுறை வந்தால் முதலில் நினைவுக்கு வரும் ஊர்களுள் ஒன்று பாத்தாம். ஹார்பர்ஃபிரண்ட் முனையத்தில் படகேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இந்தோனேசியக் கரை வந்துவிடும். பாத்தாம் சென்டர் துறைமுகத்தில் இறங்கி நடைபாலத்தைக் கடந்தால் கடைத்தொகுதி. அருகிலேயே பல ஊர்களில் கிளை பரப்பிய நடுத்தரக் கட்டண விடுதிகள். பெரிய ஆடம்பரம் இல்லை, பெரிய குறையும் இல்லை. சுத்தமான படுக்கை, காலை உணவுடன் சேர்ந்த கட்டணம், பிள்ளைகளுக்கு ஒரு நீச்சல் குளம். உழைத்துக் களைத்த பெற்றோர் ஓரிரவு அங்கே தங்கி வருவதில் மார்க்கம் எந்தத் தடையும் விதிக்கவில்லை. பிள்ளைகளின் முகமலர்ச்சிக்காகச் செலவிடுவதும் நன்மையே.

புறப்படும் முன் மதரஸாவுக்கு வரும் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "உஸ்தாத், அங்கே சாப்பாடு ஹலால்தானே?" கேட்க வேண்டிய கேள்விதான். இந்தோனேசியாவில் 2014ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டம் ஹலால் சான்றிதழைக் கட்டாயமாக்கியது; அது படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. பழைய பச்சை வட்ட முத்திரையையே தேடிப் பழகியவர்கள், 2022 முதல் அரசு வெளியிட்ட புதிய முத்திரை ஊதா நிறத்தில், வயாங் பாவைக்கூத்தில் வரும் மலை வடிவில் இருப்பதை அறிந்துகொள்வது நல்லது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு என்பதாலேயே எல்லாச் சமையலறையும் சான்று பெற்றதாகிவிடாது. விடுதிகளுக்கு எல்லா மதத்தவரும் வருகிறார்கள். சிலவற்றில் மது பரிமாறப்படுவதும் உண்டு. விசாரித்து உண்பதே பேணுதல்.

ஆனால் அந்த ஒரு கேள்வியோடு நம் விசாரணை முடிந்துவிடுவதுதான் நமக்குக் கவலை அளிக்கிறது. தட்டில் விழும் ஒரு துண்டு இறைச்சிக்காக மூன்று பேரிடம் விசாரிக்கும் குடும்பம், அன்றிரவு ஸுப்ஹு தொழுகைக்கு எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று எவரிடமும் கேட்பதில்லை.

பாத்தாமின் கடிகாரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கதிரவனோ இரு கரைகளிலும் ஏறத்தாழ ஒரே வேளையில்தான் உதிக்கிறான். சிங்கப்பூரில் ஸுப்ஹு வக்து ஐந்தரை மணியை ஒட்டியோ அதற்குச் சற்றுப் பின்போ நுழைந்து, ஏழு மணியளவில் சூரிய உதயத்தோடு முடிகிறது. பாத்தாம் கடிகாரத்தில் அது நாலரை மணியளவில் நுழைந்து ஆறு மணியளவில் முடிந்துவிடும். வீட்டில் ஆறு மணிக்கு எழுந்து நிம்மதியாக ஒளு செய்து தொழும் பழக்கமுள்ளவர், அதே ஆறு மணிக்கு விடுதியில் எழுந்தால் வக்து முடிந்திருக்கும், அல்லது முடியும் தறுவாயில் இருக்கும். கனத்த திரைச்சீலை சூரியனை மறைத்துவிடுவதால் இன்னும் இருட்டாகத்தான் இருக்கிறது என்று எண்ணித் தொழுதுவிட்டு, மனநிறைவோடு காலை உணவுக்கு இறங்குபவர்கள் உண்டு. கைப்பேசியின் தொழுகை நேரச் செயலியை நம்பலாம்தான். ஆனால் இருப்பிடத்தைப் புதுப்பிக்காவிட்டால் அது சிங்கப்பூர் நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். இரவு உறங்கும் முன் வரவேற்பறையில் கேட்டால் உள்ளூர் நேரத்தைச் சொல்லிவிடுவார்கள். ஒரு நிமிட வேலை.

அடுத்து, நம் மாணவர்கள் ஒவ்வொரு விடுமுறைக்குப் பின்னும் கொண்டுவரும் செய்தி: "நாங்கள் பாத்தாமில் லுஹரை இரண்டு ரக்அத்தாகத் தொழுதோம்." கடவுச்சீட்டில் முத்திரை விழுகிறது, கடலைக் கடக்கிறோம், மொழியும் பணமும் மாறுகின்றன, எனவே இது பயணம்தானே என்று பெற்றோர் எண்ணிவிடுகிறார்கள். கஸ்ருடைய சட்டம் கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை, தொலைவைப் பார்க்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா, அதாவது இன்றைய கணக்கில் குறைந்தது எண்பது கிலோமீட்டர் அளவு வேண்டும் என்பர். அதைவிடக் கூட்டிச் சொல்வோரும் உண்டு. ஹனஃபி உலமாக்களின் கணக்கும் எண்பதுக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவே. ஹார்பர்ஃபிரண்டிலிருந்து பாத்தாம் சென்டர் நேர்க்கோட்டில் சுமார் முப்பது கிலோமீட்டர். நாமும் நம் வாசகர்களில் பெரும்பாலோரும் பின்பற்றும் இவ்விரு மத்ஹபுகளின்படி அங்கே கஸ்ரும் இல்லை. பயணத்தைக் காரணம் காட்டி லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழும் ஜம்உவும் இல்லை. நான்கை இரண்டாகத் தொழுதவர் அத்தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டும். மக்களின் வழக்கில் எது பயணம் எனப்படுகிறதோ அதுவே பயணம் என்று கூறும் அறிஞர்களும் உளர். அவர்களைப் பின்பற்றுவோர் தம் உலமாக்களிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்து போகட்டும். படகில் ஏறிய பின் வசதிக்கேற்ப மத்ஹபு மாறுவதைத்தான் நாம் ஏற்பதற்கில்லை.

கிப்லாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்நாட்டு விடுதிகளில் பெரும்பாலும் கூரையிலோ மேசை இழுப்பறையிலோ அம்புக்குறி ஒட்டியிருக்கும். காணாவிட்டால் கேட்கலாம், தொழுகை விரிப்பும் கேட்டால் தருவார்கள். குளியல் துவாலையை விரித்துத் தொழ வேண்டிய தேவையே இல்லை. அறை குறுகலாக இருந்து குடும்பமாக ஜமாஅத் நடத்த இயலாவிட்டால், பல விடுதிகளில் வாகன நிறுத்தத்தை ஒட்டி ஊழியர்களுக்கென ஒரு சிறு முஸல்லா இருக்கும். விருந்தினர் அங்கே வருவது அரிது. நம் அறையைப் பெருக்கும் சகோதரரின் பின்னால் நின்று மஃரிப் தொழும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு வேறெங்கே கிடைக்கும்? சற்று நடக்க முடிந்தவர்களுக்குப் பிரமிடு போன்ற கூரையுடைய பாத்தாம் சென்டர் பெரிய பள்ளிவாசல் இருக்கிறது.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். இருவருக்கென அறையை முன்பதிவு செய்துவிட்டு, பாட்டியையும் வளர்ந்த பிள்ளைகள் மூவரையும் இரண்டிரண்டு பேராக மின்தூக்கியில் அனுப்பி வைக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. காலை உணவுச் சீட்டு இரண்டு, உண்பவர் நால்வர். புறப்படும்போது ரொட்டியும் அவித்த முட்டையும் மெல்லிழைத் தாளில் சுற்றப்பட்டுப் பைக்குள் போகின்றன, "படகில் பிள்ளைகளுக்குப் பசிக்கும்" என்று. இதைச் சாமர்த்தியம் என்று சொல்லிச் சிரிப்பதையும் கேட்டிருக்கிறோம்.

விடுதி அறை என்பது ஃபிக்ஹில் இஜாரா, வாடகை ஒப்பந்தம். எத்தனை பேர், எத்தனை இரவு, எத்தனை பேருக்கு உணவு என்பவை அதன் நிபந்தனைகள். எத்தனை வயது வரை குழந்தைக்குக் கட்டணமில்லை என்பது விடுதிக்கு விடுதி வேறுபடும். முன்பதிவு செய்யும்போதே எழுதப்பட்டிருக்கும். அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி முஃமின்களை ஏவியே தொடங்குகிறது. உணவின் ஹலால், ஹராம் அதன் பின்னரே பேசப்படுகிறது. உணவை எடுத்துச் செல்வது பற்றியும் நம் இமாம்கள் பேசாமல் விடவில்லை. விருந்தாளி தன் முன் வைக்கப்பட்டதை உண்ணலாம், ஆனால் விருந்தளிப்பவரின் சம்மதத்தை அறியாமல் அதை எடுத்துச் செல்லக் கூடாது என்பது ஷாஃபிஈ நூல்களில் வலீமா விருந்துப் பாடத்திலேயே உள்ள சட்டம். அறையில் வைத்த சோப்பும் தேயிலைப் பொட்டலமும் வழக்கப்படி நமக்குத் தரப்பட்டவை, துவாலை அமானிதம்.

"பெரிய நிறுவனம், இதனால் அவர்களுக்கு என்ன நட்டம்?" என்பார்கள். நட்டத்தின் அளவைப் பார்த்து அடுத்தவர் உரிமை ஹலாலாகிவிடுவதில்லை. அல்லாஹ்வுக்கும் நமக்கும் இடையிலான பிழைக்கு அழுது தவ்பா செய்யலாம்; அடியார்களின் உரிமைக்கு அழுகை மட்டும் போதாது, கொடுத்துத் தீர்க்க வேண்டும். "அத்தாவுக்கு மூன்று பிள்ளைகள் என்று அந்த மாமாவிடம் சொல்லாதே" என்று பயிற்றுவிக்கப்பட்ட ஏழு வயதுச் சிறுவன் மறுவாரம் மதரஸாவுக்கு வந்து அமானிதப் பாடத்தில் நம் முன் உட்காருகிறான். அவனுக்கு நாம் எதைக் கற்பிப்பது? கூடுதல் படுக்கைக்கான கட்டணம் கட்ட இயலாதென்றால் விடுமுறையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம், அல்லது ஒரே நாளில் போய் வரலாம். அதில் இழிவு ஏதுமில்லை.

திரும்பும் நாளுக்கும் ஒரு சொல். பெரும்பாலான விடுதிகளில் பகல் 12 மணிக்கு அறையை ஒப்படைக்க வேண்டும். லுஹர் நுழைவதும் அதையொட்டித்தான். எனவே பைகளை வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு நடப்பதே எளிது. மாலைப் படகில் வருவோர் குடிநுழைவு வரிசையில் நிற்கும் முன்பே அஸரைத் தொழுதுவிட வேண்டும். அங்கே ஐந்து மணி என்றால் இங்கே ஆறு. ஐந்து மணிப் படகு ஹார்பர்ஃபிரண்டை அடையும்போது சிங்கப்பூரில் மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வேளையாகியிருக்கும்.