விண்டோஸ் மாறியாச்சு... பிரின்டர் ஏன் மக்கர் பண்ணுது?

கம்ப்யூட்டரை விண்டோஸ் 11-க்கு மாத்தியாச்சு. வைஃபை ஓடுது, ஸ்க்ரீன் பளிச்சுனு இருக்கு. பையனோட ஹால் டிக்கெட்டை எடுக்கலாம்னு பிரின்ட் கொடுத்தால் மட்டும் 'ஆஃப்லைன்' என்று வருகிறது. நேற்று வரை ஓடிய மெஷின்தான். டோனர் இருக்கு, பேப்பரும் இருக்கு. அப்புறம் என்ன?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. வீடு, ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் ஆபீஸ் என்று எல்லோருக்கும் மாற வேண்டிய நெருக்கடி. இதில் முதலில் அடிவாங்குவது பழைய பிரின்டர்கள்தான். "மாடல் பழசு சார், புதுசு வாங்கிடுங்க" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிடாதீங்க. நேற்று வரை ஓடிய பிரின்டர் என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது டிரைவரைத்தான்.

கம்ப்யூட்டர் சொல்வதை பிரின்டருக்குப் புரிய வைக்கிற மென்பொருள்தான் டிரைவர். விலை குறைந்த லேசர் பிரின்டர்கள் பலவற்றில் சொந்த மூளை ரொம்பக் குறைவு. ஹெச்.பி. லேசர்ஜெட் 1020-ஐ எடுத்துக்கோங்க. நம்ம ஊர் ஜெராக்ஸ் கடைகளில் இன்றும் பார்க்கலாம். பக்கத்தில் எந்தப் புள்ளி எங்கே விழணும் என்று கணக்குப் போடுவதே கம்ப்யூட்டர்தான். சுவிட்ச் போட்டதும் பிரின்டருக்குள் ஓடவேண்டிய மென்பொருளைக்கூட ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர்தான் அனுப்புகிறது. சரியான டிரைவர் இல்லையென்றால் அது வெறும் பெட்டி.

இந்த டிரைவர் விவகாரத்தில்தான் மைக்ரோசாஃப்ட் கைவைத்திருக்கிறது. அதற்கு ஒரு பின்கதை உண்டு. 2021-ல் 'பிரின்ட்நைட்மேர்' என்ற ஓட்டை வெளியே வந்தது. பிரின்ட் வேலைகளை வரிசைப்படுத்துகிற 'ஸ்பூலர்' வழியாக அடுத்தவர் நம் கம்ப்யூட்டரையே கைப்பற்றலாம். சப்போர்ட் முடிந்துபோன விண்டோஸ் 7-க்குக்கூட அவசர அப்டேட் கொடுத்தார்கள் என்றால் பாருங்களேன்! 2023 செப்டம்பரில் புதுத் திட்டம் வந்தது. 2026 ஜனவரி 15 முதல், பிரின்டர் கம்பெனிகளின் புது டிரைவர்கள் விண்டோஸ் அப்டேட் வழியாக வராது, சில விதிவிலக்குகள் தவிர. 2026 ஜூலை 1 முதல் விண்டோஸோடு வரும் பொது டிரைவருக்கே முன்னுரிமை. ஏற்கெனவே இருக்கும் டிரைவர்களைத் தடை செய்யவில்லை. கம்பெனி வெப்சைட்டில் இருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

பாதுகாப்புக்காக என்கிற காரணம் நியாயம்தான். ஆனால், அந்தப் பொது டிரைவர் பேசும் மொழி 1020 மாதிரியான பழைய மெஷின்களுக்குத் தெரியாது. கம்பெனி தன் வெப்சைட்டில் இருந்து டிரைவரைத் தூக்கிவிட்டால், நல்லா ஓடுகிற பிரின்டர் பழைய இரும்புக் கடைக்குப் போகும். அந்தச் செலவு விழுவது ஒரு பக்கத்துக்குச் சில ரூபாய் வாங்கும் கடைக்காரர் தலையில். அதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

சரி, இப்போ என்ன செய்யலாம்? முதலில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, 'பிரின்ட் ஸ்பூலர்' மேல் ரைட் கிளிக் பண்ணி 'ரீஸ்டார்ட்' கொடுங்க. வரிசையில் சிக்கிய பழைய ஃபைல் ஒன்றே வழியை மறித்துக்கொண்டிருக்கலாம். சரியாகலையா? செட்டிங்ஸில் பிரின்டரை நீக்கி, யு.எஸ்.பி கேபிளைக் கழற்றிவிடுங்க. கம்பெனி வெப்சைட்டில் உங்க மாடல் நம்பரைப் போட்டு, 64 பிட் டிரைவரை எடுங்க. விண்டோஸ் 11-ல் 32 பிட் என்ற பேச்சே கிடையாது. இன்ஸ்டால் ஆகும்போது அது கேட்டபிறகுதான் கேபிளைச் செருகணும். அவசரப்பட்டு முதலிலேயே செருகினால் விண்டோஸ் தனக்குத் தோன்றிய டிரைவரைப் போட்டுக்கொள்ளும். அந்த டிரைவர் ஃபைலை ஒரு பென் டிரைவில் பத்திரமாக வையுங்க, நாளைக்கு வெப்சைட்டில் இருக்குமோ இருக்காதோ.

வைஃபை பிரின்டர் என்றால், ரவுட்டரை ஆஃப் செய்து போட்டபோது அதன் ஐபி முகவரி மாறியிருக்கலாம். நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தாலே பெரும்பாலும் சரியாகிடும்.

எல்லாத் தப்பும் உங்க பக்கம் என்றும் நினைக்காதீங்க. 2025 ஜனவரி கடைசியில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், சில யு.எஸ்.பி பிரின்டர்களைத் தானாகவே அர்த்தமில்லாத எழுத்துகளை அடித்துத் தள்ள வைத்தது. மார்ச் மாதம்தான் சரிசெய்தார்கள்.

புது லேப்டாப்பே வாங்குறீங்களா? ஸ்னாப்டிராகன் சிப் போட்டதென்றால், பழைய பிரின்டருக்கு 'ஆர்ம்' டிரைவர் இருக்கிறதா என்று பில் போடும் முன்பே பார்த்திடுங்க. சாதாரண இன்டெல் டிரைவர் அதில் ஓடாது.